லீட்கோட்டில் 400 கணக்கு முடித்த தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

நேற்று ராத்திரி போனில் கேட்டாயே, "அக்கா, லீட்கோட் தளத்தில் 400 கோடிங் கணக்கு போட்டாச்சு, சிஸ்டம்ஸ் இன்டர்ன்ஷிப்புக்கு இது போதாதா?" என்று. பஸ் இரைச்சலில் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போதாது. வீண் என்றும் சொல்ல மாட்டேன், இன்டர்வியூவின் முதல் சுற்றைத் தாண்ட அது வேண்டும். அதற்கப்புறம் எதிரே உட்காருகிறவர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிலோ, வன்பொருளை இயக்கும் டிரைவரிலோ பல வருஷம் உழன்றவராக இருப்பார். கேள்வி சின்னதாகத்தான் இருக்கும். என்னிடம் கேட்டதையே சொல்கிறேன்.

சி-யில் ஒரு குட்டி புரோகிராம். பிரின்ட்எஃப் "வணக்கம்" என்று ஒரு வரி எழுதுகிறது. அடுத்து ஃபோர்க், அதாவது ஓடும் புரோகிராமை அப்படியே இன்னொரு பிரதியாக்கும் அழைப்பு. அவ்வளவுதான். டெர்மினலில் ஓட்டினால் வணக்கம் ஒரு முறை வரும். வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினால் இரண்டு முறை விழும். ஏன்?

எனக்கு விடை தெரிந்திருந்தது, ஆனால் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. இன்டர்ன்ஷிப்பில் நான் எழுதிய கருவி லாக் ஃபைலில் சில வரிகளை இரட்டையாகப் போட்டது. லூப்பில்தான் தப்பு என்று இரண்டு நாள் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள், புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். ஒரே வரியை இரண்டு பிராசஸ்கள் (ஓடும் புரோகிராம்கள்) தனித்தனியாக எழுதுவது திரையில் தெரிந்தது. டெர்மினல் என்றால் சி லைப்ரரி வரிக்கு வரி பஃபரை, அதாவது எழுத வேண்டியதைச் சேர்த்து வைக்கும் இடத்தை, காலி செய்துவிடும். ஃபைல் என்றால் பஃபர் நிறையும்வரை சேர்த்து வைக்கும். அந்த நேரம் பார்த்து ஃபோர்க் செய்தால் பஃபரில் கிடப்பதும் சேர்ந்து நகலாகிவிடும். தாய் பிராசஸும் பிள்ளை பிராசஸும் முடியும்போது ஆளுக்கொரு முறை கொட்டும். ஃபோர்க்குக்கு முன்னால் பஃபரைக் காலி செய்யும் ஒரு எஃப்ஃப்ளஷ் போட்டேன், இரட்டிப்பு நின்றுவிட்டது.

இதைச் சொன்னதும் அவர் விடவில்லை. "நகலாகும் என்றால் மெமரி முழுவதையும் அப்போதே நகலெடுக்குமா?" இல்லை, யாராவது எழுதும்போது அந்த ஒரு பேஜை, அதாவது மெமரியின் ஒரு துண்டை மட்டும், வழக்கமாக 4096 பைட், என்றேன். "எழுத முடியாமல் பிராசஸர் கெர்னலைக் கூப்பிடும் அந்த பேஜ் ஃபால்ட் வந்ததும் கெர்னல் என்ன செய்யும்?" அது தெரியாது என்றேன். எந்த பேஜ் மெமரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பேஜ் டேபிளை போர்டில் வரைந்து, "யோசித்துச் சொல்" என்றார். கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து யோசித்தோம். அந்த இன்டர்வியூவில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதே. சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து வாய்விட்டு யோசி.

இன்னும் 100 கணக்கு போடுவதற்குப் பதில் எக்ஸ்வி6 படி. எம்ஐடியில் பாடம் நடத்த எழுதிய சின்ன யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம், கெர்னல் 10,000 வரிக்குள் அடங்கிவிடும், இலவசம். ஃபோர்க்கிலிருந்து தொடங்கு. சும்மா வாசிக்காதே, ஒரு புது சிஸ்டம் காலை, அதாவது புரோகிராம் கெர்னலைக் கேட்கும் வழியை, சேர்த்து ஓட்டிப் பார்.

இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டால் என்னைப் போல் இரண்டு நாள் வாய்மூடி உட்காராதே. அரை மணி நேரம் முட்டிப் பார், என்னென்ன முயன்றாய் என்று குறித்துக்கொள், அந்தக் குறிப்போடு போய்க் கேள். புது ஆள் கேட்கத்தான் செய்வாள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். அதற்குள் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அந்த வணக்கம் புரோகிராமை நீயே எழுதி இரண்டு விதமாகவும் ஓட்டி வை. பிரின்ட்எஃப்புக்குப் பதில் நேரே ரைட் சிஸ்டம் காலைக் கூப்பிட்டால் எத்தனை வணக்கம் விழும் என்று நான் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா