மருந்து ஏறாத 22 நாட்கள்

அனுப்புநர்:
பாலிசிதாரர், கும்பகோணம்
(பெயர், பாலிசி எண், கோரிக்கை எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் 22 நாளுக்கான தொகையை வெட்டியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் 9.4.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. என் கோரிக்கையிலிருந்து 2,02,400 ரூபாயை வெட்டியதற்கு அதில் ஒரே ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். 8ஆம் நாளுடன் கீமோதெரபி முடிந்துவிட்டது, அதன்பின் நோயாளி நடமாடும் நிலையில் கண்காணிப்புக்காக மட்டுமே தங்கியிருந்தார் என்பது அது. எழுதியவர் என் கோப்பைப் படித்தாரா என்று கேட்க மாட்டேன். படித்ததால்தானே நர்ஸ் எழுதிய 'நடமாடுகிறார்' என்ற சொல் அவருக்குக் கிடைத்தது. அதற்கு நாலு வரி கீழே இருப்பதுதான் அவர் கண்ணில் படவில்லை.

நடமாடினேன். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை 11 அடி. ஒரு கையில் மருந்துப் பை தொங்கும் ஸ்டாண்டு, மறு கை மனைவியின் தோளில். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 8,000க்கு இறங்கிய நாட்களில் அதற்கும் தடை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 8,000 இருந்தால், வழுக்கி விழுந்து தலையில் அடிபடும்போது உள்ளே கசியும் ரத்தம் நிற்காது என்று சொல்லிக் கட்டில் கம்பியைத் தூக்கிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வந்தது அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா. 3.3.2025 அன்று சென்னையில் சேர்ந்தேன். மறுநாள் தொடங்கி 7 நாள் இரவு பகலாகச் சைட்டராபைன் என்ற கீமோ மருந்து ஏறியது. முதல் 3 நாள் கூடவே டானோரூபிசின் என்ற செக்கச்சிவந்த மருந்து. சிறுநீரே சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொல்லியும் பயந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த 7 நாளும் நான் ஓரளவு நன்றாகவே இருந்தேன். இட்லி சாப்பிட்டேன், கடைக்குப் போன் செய்து சரக்குக் கணக்குக் கேட்டேன். நீங்கள் முழுப் பணம் கொடுத்திருப்பது அந்த நாட்களுக்கு.

நான் பாத்திரக்கடைக்காரன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பழைய பூச்சையும் அழுக்கையும் சுரண்டித் தேய்த்து எடுத்த பிறகுதான் புது ஈயம் பிடிக்கும். சுரண்டியதற்கும் பூசுவதற்கும் இடையில் பாத்திரம் வெறும் பித்தளையாக நிற்கும். அப்போது அதில் புளி பட்டால் களிம்பேறிவிடும். இந்த மருந்தும் அப்படித்தான் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைச் சுரண்டுகிறது. நோயணுவோடு நல்ல அணுவும் போய்விடுகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது மருந்து முடிந்த பிறகு. மறுபடி முளைத்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் 'கண்காணிப்பு' என்று வெட்டியது இந்த வெறும் பாத்திரமாகக் கிடந்த 22 நாளை.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, கையில் பொருத்தியிருந்த குழாயிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். எட்டு மணிக்குள் எண்ணிக்கை வரும். "அப்பா, இன்றைக்கு 300" என்பார் நர்ஸ். 4,000க்குக் குறையாமல் இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் 300. எங்கள் கடை நாள் கணக்கைக்கூட நான் அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்ப்பார்கள். வாய் முழுக்கப் புண். ரசம் தொண்டையில் இறங்காது, தண்ணீரே எரியும். பல் துலக்க பிரஷ் கூடாது, பஞ்சுதான். சவரக் கத்தி கூடாது. பச்சைக் காய், சட்னி, நறுக்கிய பழம் எதுவும் கூடாது. ஆவி பறக்கிற சோறு மட்டும், அதையும் ஆறவிட்டால் வேறு கொண்டுவர வேண்டும்.

பூவும் உள்ளே வரக்கூடாது, பூஞ்சைக் கிருமி பயம். என் மனைவி 30 நாளும் பூ வைக்கவில்லை. நெற்றி மறையத் தொப்பி, முகத்தில் மாஸ்க், தலையில் பூ இல்லை. லிஃப்டில் ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் எப்போதம்மா போனார்?" என்று கேட்டிருக்கிறார். இரவு அவள் வந்து சொன்னபோது இருவரும் அடக்க முடியாமல் சிரித்தோம். சிரித்ததில் என் உதடு வெடித்து முக்கால் மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. அதையும் நர்ஸ் குறித்திருக்கிறார், உங்களிடம் உள்ள கோப்பில் 61ஆம் பக்கம்.

16.3.2025, 14ஆம் நாள், இரவு 2.10. உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது. காய்ச்சல் 102. குழாயிலிருந்து ஒரு பாட்டில், கையிலிருந்து ஒரு பாட்டில் என ரத்தத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். 2.50க்கு முதல் ஆன்டிபயாட்டிக் ஏறத் தொடங்கிவிட்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று பிறகு டாக்டர் சொன்னார். புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம் என்கிறது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. எங்கள் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரவு 2.10க்குக் கிளம்பியிருந்தால் 2.50க்கு நான் எங்கே இருந்திருப்பேன் என்பதை உங்கள் மருத்துவக் குழு வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அதன்பின் 11 நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. நடுவில் 6 முறை தட்டணு ஏற்றினார்கள். தட்டணுவை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது, ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டில் அறைச் சூட்டில் வைக்கிறார்கள். அதனால் தேவைப்படும் நேரத்தில் ஆள் வர வேண்டும். என் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் ராத்திரி ரயிலேறி வந்து, ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் இயந்திரத்தில் கை நீட்டிப் படுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பையன்களுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. அது உங்களுக்கு வேண்டாத விஷயம், விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இது. 14ஆம் நாள் முதல் ஏறிய ஆன்டிபயாட்டிக்குக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். 6 முறை ஏற்றிய தட்டணுவுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஊசியைப் போட்ட நர்சுக்கும், பார்க்க வந்த டாக்டருக்கும், நான் படுத்திருந்த கட்டிலுக்கும் மட்டும் நாளுக்கு 9,200 வீதம் வெட்டியிருக்கிறீர்கள். சரக்குக்குப் பணம் தருகிறேன், ஆனால் அதை ஏற்றி வந்த லாரி வரவே இல்லை என்று என் கடையில் ஒருவர் சொன்னால் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்துக் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கையுறை, டயப்பர், மாஸ்க் ஆகியவற்றுக்கு வெட்டியதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அது பாலிசியில் எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டது நான். ஆனால் 22 நாளை வெட்டியதற்குப் பாலிசியின் எந்த விதி என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. கோரிக்கையை ஓரளவு மறுத்தாலும் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 29.5.2024 சுற்றறிக்கை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான். ஏப்ரல் 1ஆம் தேதி காலை 10.15க்குக் கோரிக்கை வந்தது. உங்கள் பதில் இரவு 9.40க்கு வந்தது. அதுவரை மொட்டைத் தலையும் மாஸ்குமாக, எண்ணிக்கை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்த நான், பில் பிரிவின் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறையைக் காலி செய்யாவிட்டால் இன்னொரு நாள் வாடகை என்றார்கள். மீதித் தொகைக்கு மனைவியின் நாலு வளையல்கள் வங்கிக்குப் போயின.

நான் கேட்பது இரண்டு. வெட்டிய 2,02,400 ரூபாயை வழங்குங்கள். வழங்க முடியாது என்றால் பாலிசியின் விதி எண்ணோடும், மறுத்த மருத்துவரின் கருத்தோடும் எழுத்தில் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கே கட்டணம் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மஜ்ஜைப் பரிசோதனையில் நோயணு கட்டுக்குள் வந்திருக்கிறது. அடுத்த சுற்று மருந்து மே மாதம் தொடங்குகிறது. இந்த முறை முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என 3 நாள் மட்டும்தான் மருந்து ஏறும். எண்ணிக்கை அதன் பிறகுதான் இறங்கும். நடுவில் உள்ள இரண்டாம் நாளும் நான்காம் நாளும் உங்கள் கணக்கில் எதில் சேரும் என்பதை இப்போதே தெரிவித்துவிட்டால், வளையலை மீட்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: டிஸ்சார்ஜ் சுருக்கம், தினசரி ரத்தப் பரிசோதனை முடிவுகள், நர்சிங் குறிப்புகளின் நகல் (61ஆம் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன்).