இளையர் மனநல நினைவுத் தொடர்: திருப்பணி நிறைவு அறிக்கை (படம் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து)

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தற்கொலையால் நாம் இழந்த நம் பையன் ஒருவனின் நினைவாகச் சென்ற செப்டம்பரில் தொடங்கிய இளையர் மனநலத் தொடர் ஜனவரி கடைசிச் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. எட்டு அமர்வுகள், பதினான்கு தொண்டூழியர்கள், வரவு 7,230 சிங்கப்பூர் வெள்ளி, செலவு 5,204 வெள்ளி. இவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது, அதற்குப் பதில் சொல்லாமல் கணக்கை மட்டும் நீட்டினால் நன்றாக இருக்காது. "நினைவுத் தொடர்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க, புள்ளையோட படம் ஒண்ணு கூட இல்லையே, பேரு கூடப் போடலையே?"

கேட்டதில் தப்பில்லை. நம்மில் பாதிப் பேர் 2023 பிப்ரவரியில் மாரியம்மன் கோயில் குடமுழுக்கின்போது வரிசை பார்த்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள். திருப்பணி என்றால் கொடுத்த பணம் எங்கே போனது என்று அண்ணாந்து பார்க்கலாம், உபயதாரர் பெயர் பலகையில் இருக்கும். நாங்களும் முதலில் அப்படித்தான் யோசித்தோம். மேடையில் அவன் படம், மாலை, குத்துவிளக்கு, ஒரு நிமிட மௌனம், அப்புறம் அவன் பள்ளி நண்பர்கள் இரண்டு பேர் பேசுவது. படத்தோடு 300 நோட்டீஸ் அச்சடித்தும் ஆயிற்று. வீட்டிலும் சம்மதம் சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட்டில் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஆலோசகர் (நம் உறுப்பினர் ஒருவரின் உறவினர், பெயர் வேண்டாம் என்றார்) மேசையில் கிடந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைத்தார். பயிற்சி முடிந்த பிறகுதான் பேச்சை எடுத்தார். ஏற்கெனவே சாகலாமா என்ற நினைப்போடு இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாலை போட்ட படமும் அழுகிற நண்பர்களும் நிறைந்த மண்டபமும் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லும்? உயிரோடு இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, போன பிறகு எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்றுதானே. இது அவர் சொந்தமாகச் சொன்னதல்ல. உலகச் சுகாதார நிறுவனம் செய்தியாளர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டியிலும் இதே கருத்துதான் இருக்கிறது. பெருமைப்படுத்தாதே, எப்படி நடந்தது என்று விவரிக்காதே, ஒரே காரணத்தில் முடிச்சுப் போடாதே, உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் கட்டாயம் சொல். "மார்க் குறைஞ்சதால இப்படி ஆயிருச்சு" என்று நாம் போகிற போக்கில் சொல்வோம். அதே மார்க் வாங்கிய இன்னொரு பிள்ளைக்கு அது வழி காட்டுவதுபோல ஆகிவிடும்.

அன்றைக்குக் குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. அவனைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்குப் போன அண்ணன் ஒருவர், "அப்போ அவன் இருந்ததே தெரியக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இதை எழுதும் எனக்கும் அப்போது படம் இருக்கட்டும் என்றுதான் இருந்தது. கடைசியில் அவன் அம்மாவிடமே கேட்டோம். அக்கா ரொம்ப யோசிக்கவில்லை. "படம் வீட்ல இருக்கு, போதும். வர்ற புள்ளைங்களைப் பாருங்க" என்றார். அதனால்தான் படம் இல்லை, பெயர் இல்லை, மாலை இல்லை. எழுந்து போன அண்ணன் மூன்றாவது அமர்வுக்கு வந்து நாற்காலி போட்டார், அதற்குப் பிறகு ஒன்றையும் தவறவிடவில்லை.

இனி தொண்டூழியர்கள் என்ன செய்தார்கள் என்பது. மேடைப் பேச்சு எல்லா அமர்விலும் அரை மணி நேரம்தான், மீதி நேரம் மேசை மேசையாகப் பேச்சு. மேசைக்கு ஆறேழு பேர், ஒரு தொண்டூழியர். அவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. அறிவுரை சொல்லக்கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக்கூடாது. யாராவது சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விட்டுப் போகக்கூடாது, ஆலோசகரைக் கூப்பிட வேண்டும். இதில் முதல் கட்டுப்பாடுதான் எல்லாரையும் வாட்டியது. நாற்பது வருடமாக அறிவுரை சொல்லியே பழகிய வாய், "ம்... சொல்லுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பது லேசான காரியமா?

அதைவிடக் கஷ்டம், சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம் எல்லாருக்கும் பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பாரம்தான் குறைகிறது என்று ஆலோசகர் விளக்கினார். சரி என்று இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து பழகினோம். ஆங்கிலத்தில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். தமிழில் கேளுங்கள் என்றதும் அறையே அமைதியாகிவிட்டது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அங்கிள் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், "தம்பி, உனக்கு..." என்று ஆரம்பிப்பார், "சாப்பிட்டியா?" என்று முடிப்பார். நான்கு தடவை இதேதான். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஐந்தாவது தடவை, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "செத்துப் போயிரலாம்னு தோணுதாய்யா?" என்று கேட்டார். அந்த "ய்யா"வில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நடிப்பை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் அதே "ய்யா"வைச் சேர்த்துத்தான் கேட்டோம், ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை.

மொழிப் பிரச்சினை இத்தோடு முடியவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். நம் பிள்ளைகள் மனசில் இருப்பதை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள், பாட்டிக்கு அது எட்டுவதில்லை. சரி, தமிழில் சொல்லலாம் என்றால் எந்தச் சொல்? டிப்ரெஷனுக்கும் மன அழுத்தம், ஸ்ட்ரெஸுக்கும் மன அழுத்தம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். எங்கள் முதல் துண்டறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. "எனக்கும் தினமும் மன அழுத்தம்தான், நான் என்ன ஆஸ்பத்திரிக்கா போறேன்?" என்று ஒரு அப்பா கேட்டபோதுதான் விஷயமே புரிந்தது. அதற்குப் பிறகு டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு, ஸ்ட்ரெஸுக்கு மனவுளைச்சல், ஆங்ஸைட்டிக்குப் பதற்றம் என்று வைத்துக்கொண்டு எட்டு அமர்வுக்கும் அதையே பிடித்துக்கொண்டோம். மனவுளைச்சல் காரணம் நீங்கினால் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக ஏறக்குறைய எல்லா நாளும் பிடித்ததில் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த நான்கு வரியைப் புரியவைக்க எங்களுக்கு இரண்டு அமர்வு ஆனது.

இன்னொரு சொல்லும் நடுவில் நின்றது. உட்பிரிட்ஜ். அந்தப் பழைய மனநல மருத்துவமனை புவாங்கோக்கில் மனநலக் கழகம் என்ற பெயரோடு தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் "உன்னை உட்பிரிட்ஜ்லதான் போடணும்" என்கிறோம். மலேசியாவின் பேராக் பக்கமிருந்து வந்த பெரியவர்களுக்கு அதுவே தஞ்சோங் ரம்புத்தான், அங்கேயும் ஒரு மனநல மருத்துவமனை. வேடிக்கைக்குச் சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான்காவது அமர்வில் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி சொன்னாள், ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் வாய் வரவில்லையாம், காரணம் இந்த ஒரு கிண்டல்தான். அம்மா பக்கத்து மேசையில் இருந்தார்.

மற்ற அமர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநலக் கழகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட தேசிய ஆய்வில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் இவற்றில் ஏதோ ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் இருந்தன என்று படித்துக் காட்டியபோது கூட்டம் நம்பவில்லை. அறிகுறி வேறு, நோய் என்று மருத்துவர் முடிவு செய்வது வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அமர்வுக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியா) கூட்டம் நெரியும் அந்த நாளில் வைத்தது எங்கள் முட்டாள்தனம். தேசிய சேவையாளர்களுக்கான (கட்டாயப் படைச் சேவையில் இருக்கும் இளையர்) அமர்வு நன்றாகவே போனது, ஆனால் அங்கே பேசியதை வெளியே சொல்வதில்லை என்று பேசிவைத்திருந்ததால் இதற்கு மேல் எழுத முடியாது.

பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்த வாரத்து அமர்வில் ஒரு தாத்தா வந்திருந்தார். பேரன் எட்டு வாங்கியிருக்கிறான் என்று கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டாராம், பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். 2021 முதல் மதிப்பெண் முறையே மாறிவிட்டது, மொத்தம் 4 முதல் 32 வரை, 4தான் உச்சம், எட்டு என்பது மிக நல்ல முடிவு என்று மேசையில் இருந்தவர்கள் சொன்னதும் மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டார். அரை மணி நேரம் கழித்துப் பேரனோடு திரும்பி வந்தார். இரண்டு பேர் கையிலும் மைலோ பொட்டலம்.

ஏழாவது அமர்வுதான் உறுப்பினர்கள் அதிகம் கேட்டது, அதாவது எங்கே போவது, எவ்வளவு ஆகும், பதிவில் ஏறிவிடுமா. பலதுறை மருந்தகத்தில் ஆரம்பிக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் இருப்பதால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில் மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம். 16 முதல் 30 வயது வரை மனநலக் கழகத்தின் சேட் (CHAT) என்ற இளையர் பிரிவில் இலவசமாக மதிப்பீடு செய்கிறார்கள். வேலை கிடைக்காதே என்று பயந்தவர்களுக்கு: 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வரும்போது மனநலத்தைக் காட்டிப் பாகுபாடு பார்ப்பதையும் தடுக்கும். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் பிடித்துப் போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், அதனால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கத் தயங்குகிறார்கள். குற்றவியல் சட்டத்தின் 309வது பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இல்லை. முயன்றது குற்றமல்ல, ஆபத்து என்றால் யோசிக்காமல் 995. பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. இந்த மூன்று எண்களையும் காந்த அட்டையாகக் கொடுத்தோம், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது அமர்வில் ஒரு தொண்டூழியர் ஆர்வத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், ஒரு பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அழித்தோம், ஆனால் அதற்குள் அவள் அத்தை பார்த்துவிட்டார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மூன்றாவது அமர்விலிருந்து கைப்பேசிகள் வாசலிலேயே ஒரு பிஸ்கட் டின்னில்.

கணக்கு. உறுப்பினர் நன்கொடை 5,230 வெள்ளி, குடும்பத்தார் தந்தது 2,000. செலவில் சமூக மன்ற அறை வாடகை 960, சாப்பாடு 2,184 (ஆம், அதிகம்தான், ஆனால் இளையர் வந்ததற்கு மீ கோரேங்கும் ஒரு காரணம்), அச்சு 1,145, பேச வந்தவர்களுக்கு அன்பளிப்பு 640, ஒலிபெருக்கி 275. அச்சுச் செலவில் 310 வெள்ளி அந்தப் பழைய நோட்டீஸுக்குப் போனது, அது வீண் செலவு என்று சொல்பவர்களோடு வாதாட வரவில்லை. மீதி 2,026 வெள்ளி. தொண்டூழியர்களில் ஆறு பேரை முறையான மனநல முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்பது குழுவின் யோசனை, பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யலாம்.

அந்த 300 நோட்டீஸையும் குப்பையில் போட யாருக்கும் கை வரவில்லை. என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் பெட்டியோடு கிடந்தது. கடைசி அமர்வு முடிந்த அன்று அக்கா வந்து கேட்டு வாங்கிக்கொண்டார், தள்ளுவண்டியில் வைத்து லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன்.

ரசீதுகள் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன. பார்க்க வேண்டும் என்பவர்கள் முதலில் செய்தி அனுப்பிவிட்டு வாருங்கள், இந்த மாதம் அவருக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார்.