மென்பொருள் ஒருங்கிணைப்புப் பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களே,

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவு, பரீட்சை, நூலகம், விடுதி ஆகிய நான்கு பிரிவுகளும் இப்போது ஒரே மாணவர் பதிவேட்டிலிருந்து விவரம் எடுக்கின்றன. நீங்கள் ஒப்படைத்த வேலை முடிந்தது. எதை முதலில் எடுத்தோம், எதை விட்டோம் என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆரம்பத்தில் வந்த கோரிக்கைகள் எல்லாமே 'அவசரம்' என்றுதான் வந்தன. மென்பொருள் வேலை தெரிந்த உத்தியோகத்தர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். இது இல்லாவிட்டால் யாருடைய வேலை நிற்கும்? வேறு எந்த வேலை இதற்காகக் காத்திருக்கிறது? சட்டமோ கணக்காய்வோ இதைக் கேட்கிறதா? முடிந்த பிறகு யார் பராமரிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவற்றை, எந்தப் பீடம் கேட்டிருந்தாலும், பின்னுக்குத் தள்ளினோம். சிலருக்கு மனவருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவில் குழு உறுதியாக நின்றது.

அப்படிப் பார்த்தபோது பதிவேடு தானாகவே முதலிடத்துக்கு வந்தது. மகாபொலப் புலமைப்பரிசில் பட்டியல், விடுதி அறை, நூலக அட்டை, இணையவழிக் கற்றலுக்கான மூடில் கணக்கு எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன.

அதிக காலம் எடுத்தது பெயர்கள். பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளையே தமிழ் எழுத்துகளாகக் காட்டும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் குறியீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் மென்பொருள் தமிழை ஒழுங்காகவே மாற்றியது. ஆனால் பல பெயர்களில் முதலெழுத்து மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் அந்த மென்பொருள் பாமினி என்றே எடுத்துக்கொண்டது. பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'கே'யை அழுத்தினால் 'மு' வரும், பெரிய 'எஸ்'ஸுக்கு 'ளு' வரும். 'ளு.' என்று தொடங்கும் பெயர் உடனே கண்ணில் படும். 'கே.' என்பது 'மு.' ஆனால் யாருக்குச் சந்தேகம் வரும்? பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயரே மாறிப்போகும். அதனால் இயந்திரத்தை நம்பாமல், தேசிய அடையாள அட்டையை வைத்து மாணவர்களையே பார்க்கச் சொல்லி, கையொப்பம் வாங்கினோம். பரீட்சைப் பிரிவு ஊழியர்கள் சனிக்கிழமைகளிலும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அப்புறம், மழை. 2024 கார்த்திகை வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மட்டக்களப்பில் வேலை செய்பவர்கள் சேவர் (தரவுகளை வைத்திருக்கும் மையக் கணினி) அறையைக் கீழ்த்தளத்தில் வைக்க முடியாது. அதை மேல்மாடிக்கு மாற்றினோம். தினமும் இரவில் எடுக்கப்படும் பிரதி மாவட்டத்துக்கு வெளியே போகிறது. அந்தப் பிரதியிலிருந்து பதிவேட்டை மீட்டுப் பார்த்த பிறகே இந்த வேலையை முடிந்ததாக எழுதினோம்.

நூலகத்துக்குக் கோஹா, கற்றலுக்கு மூடில். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. பணம் பெரும்பாலும் தரவுச் சரிபார்ப்புக்கும் சேமிப்புக் கருவிகளுக்குமே போனது. கணக்கு விவரம் நிதிப் பிரிவில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

ஒத்திவைத்தவை இரண்டு. வருகைப் பதிவுச் செயலியைப் பராமரிக்க எந்தப் பீடமும் இன்னும் ஆள் தரவில்லை. மாணவர் மருத்துவப் பதிவுகளைப் பதிவேட்டோடு இணைக்கக் கேட்டார்கள்; 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யார் எதைப் பார்க்கலாம் என்று எழுத்தில் தீர்மானிக்கும்வரை அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

நிர்வாகக் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் பதிவாளரிடம் கையளிக்கப்பட்டுள்ளன. புதிய கோரிக்கைகளை, பராமரிக்கப்போகிறவரின் பெயரோடு, பீடாதிபதி ஊடாக அனுப்புங்கள்.

இவ்வண்ணம்,
ஒருங்கிணைப்புக் குழுவினர்