ஹேக்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளும், இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்ற கொடுங்குற்றங்களை விசாரிக்கும் ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்ததை, ஆட்சியாளர்கள் தப்பித்துக்கொள்ளத் தேடும் வழி என்று நீ எழுதியிருந்தாய். அதை நான் பாதிதான் ஏற்பேன். அந்த நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சாசனத்துக்கு 1999இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த நாடு செனகல். உகாண்டாவும் காங்கோவும் தங்கள் மண்ணில் நடந்த கொடுமைகளைத் தாமாகவே அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. அப்படி நம்பி வந்தவர்களுக்கு மனக்கசப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. 2005இல் சூடானின் டார்பூர் பகுதியையும் 2011இல் லிபியாவையும் அதன் விசாரணைக்கு அனுப்பிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பினர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்றும் அந்தச் சாசனத்தில் சேராதவை. (நம் நாடும் சேரவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.) தான் கட்டுப்படாத சட்டத்தைப் பிறர்மேல் ஏவும் இந்த அதிகாரத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

அதற்காக ஆப்பிரிக்க ஒன்றியம் 2014இல் ஏற்ற மலாபோ நெறிமுறையை என்னால் ஏற்க முடியாது. ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு குற்றவியல் நீதிமன்றம் அமைக்க முன்வந்தவர்கள், பதவியிலிருக்கும் நாட்டுத் தலைவர்மீது வழக்கே தொடர முடியாது என்றும் அதில் எழுதிவைத்தார்கள். இத்தகைய குற்றங்கள் பெரும்பாலும் பதவியில் இருக்கும்போதுதானே நடக்கின்றன!

எனக்கு நம்பிக்கை தருவது செனகலின் தலைநகர் டாக்கரில் நடந்த வழக்கு. சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரேயை விசாரிக்க, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு செனகல் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரு சிறப்பு மன்றம் அமைத்தார்கள். வெள்ளை உடையும் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, அவருடைய சிறைகளில் வதைபட்டவர்கள் அவர் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள். அந்தச் சிறையிலிருந்து மீண்ட சுலைமான் கெங்கெங், 700க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தவர். 2016 மே 30 அன்று ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் 7,396 பேருக்கு இழப்பீடு உறுதியாயிற்று. ஆனால் அந்தப் பணத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது என் நெஞ்சை இன்னும் உறுத்துகிறது.

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்த காலத்தில், விடியற்காலைப் பேருந்தில் வந்து, சம்மனை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் காத்திருந்த எத்தனையோ சாட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். முப்பது மைல் வந்ததற்கே அவர்கள் தவித்துப்போனார்கள் என்றால், டார்பூரின் கிராமத்துப் பெண்ணுக்கு ஹேக் எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பார், அம்மா. ஹேக்குக்கு வெளியேயும் நீதிமன்றம் அமரலாம் என்று சாசனமே இடம் தருகிறது. அந்த வழியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று உன் அலுவலகத்தில் நீ பேச வேண்டும்.

டாக்கர் தீர்ப்பு பிரெஞ்சில் இருப்பதால் என்னால் படிக்க இயலவில்லை. அதில் பெண் சாட்சிகள் சொன்ன பகுதியை மட்டுமாவது, நேரம் கிடைக்கும்போது தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா