இரண்டு மணித் தண்ணி

உருத்திரபுரம்,
வைகாசி.

மச்சான்,

சுகமா இருக்கிறியோ? போன கிழமை நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜுக்குப் பதில் போடேல்ல எண்டு கோவிக்காத. சிறுபோகம் துவங்கினா என்ர நிலைமை உனக்குத் தெரியும்தானே. ஆனா இந்தமுறை வயலோட இன்னொரு கூத்தும் நடந்தது. உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுறது?

நீ வச்சிட்டுப் போன ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டி இப்பவும் சாமியறைக்குப் பக்கத்துத் தட்டிலதான் இருக்கு. வீட்டுச் சாமான்களை இயக்கிற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் அதில ஓடுது. கிணத்து மோட்டர், முத்தத்து லைட் எல்லாம் கொழுவியாச்சு. கலண்டர் மூண்டு: வயல், வீடு, அம்மாவின்ர கிளினிக். 2025 மாசியில ஹோம் அசிஸ்டன்ட்காரர் எம்சிபி சேவரையும் (வெளி ஏஐ வந்து கொழுவிற வாசல்) அதுக்குள்ள சேர்த்தபிறகு, நான் கேக்கிறதைத் தானாப் பார்த்துச் சொல்லுற ஒரு ஏஐ ஏஜென்டையும் தொடுத்துவிட்டன். இதில எனக்குப் பிடிச்ச விசயம், நாங்கள் திறந்துவிடுறதை மட்டும்தான் அது பார்க்கும். கிளினிக் கலண்டரை நான் திறந்துவிடேல்ல. அம்மாவின்ர வருத்தம் வெளியாலை போகவேண்டாம்.

கலண்டர் எண்டுறது நான் நினைச்சமாதிரி இல்லை மச்சான். சும்மா அதின்ர நிலையைப் பார்த்தா ஓன் இல்லாட்டி ஓஃப், அவ்வளவுதான். அந்த நேரம் ஏதும் நடந்துகொண்டிருந்தா ஓன். அதோட இப்ப நடக்கிற, இல்லாட்டி அடுத்து வாற ஒண்டைக் காட்டும். மிச்சம் வேணுமெண்டா துவக்கமும் முடிவும் குடுத்துக் கேக்கவேணும். அந்த இடைவெளிக்குள்ள வாறது மட்டும்தான் கிடைக்கும். இதுக்கெண்டு நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ரெண்டு நேரத்தையும் ஏஜென்ட் நிரப்பிற மாதிரி விட்டன்.

ஒரு திங்கள் பின்னேரம் கேட்டன், "நாளைக்கு வயலில என்ன இருக்கு?" எண்டு. "நாளைக்கு ஒண்டும் இல்லை" எண்டுது. நானும் நிம்மதியாப் படுத்திட்டன்.

இரவு ஒண்டரைக்கு முகத்தில டோர்ச் வெளிச்சம். அப்பா சாரத்தை மடிச்சுக் கட்டி, மண்வெட்டியைத் தோளில வச்சுக்கொண்டு நிக்கிறார். "இடதுகரை வாய்க்காலில இண்டைக்குத் தண்ணி எங்கட முறையெல்லோ, எழும்படா." குசினிச் சுவரில தொங்கிற நாள் கிழிக்கிற கலண்டரில செவ்வாய்க்கிழமைத் தாளின்ர மூலையில நீலப் பென்சிலால எழுதியிருந்தார்: 2 மணி. என்ர டிஜிட்டல் கலண்டரிலயும் அதே 2 மணிதான் இருந்தது, நானே போட்டது. அப்பா எழுப்பாட்டி இரணைமடுக் குளத்துத் தண்ணி எங்கட வரம்பைத் தாண்டிப் போயிருக்கும், அடுத்த முறை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

விடிஞ்சு சேத்துக் காலோட வந்து, ஏஜென்ட் என்ன செய்தது எண்டு பதிஞ்சிருக்கிற லொக்கைத் திறந்து பார்த்தன். ஏஜென்ட் சரியாத்தான் செவ்வாய் 00:00 இலிருந்து புதன் 00:00 வரைக்கும் கேட்டிருக்கு. ஆனா ரெண்டு நேரத்துக்கும் பின்னால ஒரு இசட் எழுத்து. கிறீனிச் நேரமாம்! எங்கட நேரம் அதுக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்பிடியெண்டா அது தேடினது எங்கட செவ்வாய் விடிய 5:30 இலிருந்து. எங்கட ரெண்டு மணி, அதின்ர கணக்கில திங்கள் இரவு 8:30. முறை விடிய 5 மணிக்கு முடியிறதால வாலும் உள்ளுக்க விழேல்ல. எந்த நேரத்தில கதைக்கிறது எண்டு நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லை, பிழை என்ரதான்.

மற்றவைக்கு இது விளங்கக் கொஞ்சம் பிடிக்கும். உனக்கும் எனக்கும் அப்பிடியே? 1996 இல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளேக்க இயக்கத்தின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னி பழைய நேரத்திலயே நிண்டது, முதல் ஒரு மணித்தியாலம், 1996 ஐப்பசியிலிருந்து 2006 சித்திரை வரைக்கும் அரை மணித்தியால வித்தியாசம். பாதை திறந்த காலத்தில நீயும் நானும் சைக்கிள் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போய், கையில கட்டியிருந்த மணிக்கூட்டை நம்பித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க, பஸ் போட்டுதே! ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டேக்க மாத்தடா எண்டு நான் சொன்னனான். நீ இல்லையெண்டுதான் சொல்லுவாய்.

இப்ப ஏஜென்டுக்குக் குடுக்கிற அறிவுறுத்தலில முதல் வரியிலயே +05:30 எண்டு போட்டிருக்கிறன். ஒண்டும் இல்லை எண்டு சொன்னா எங்கயிருந்து எதுவரைக்கும் தேடினது எண்டும் சேர்த்துச் சொல்லவேணும் எண்டு இன்னொரு வரி. இப்ப, "செவ்வாய் 00:00 இலிருந்து புதன் 00:00 வரை பார்த்தேன்" எண்டு வாத்தியார் மாதிரிச் சொல்லுது. எரிச்சல்தான், எண்டாலும் பரவாயில்லை.

இன்னொரு பகிடி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை முழுநாள் நிகழ்ச்சியாப் போட்டன். முழுநாள் எண்டா முடிவு நாளா அடுத்தநாளைத்தான் கலண்டர் எழுதும், அந்த நாள் கணக்கில சேராது. இது தெரியாம ஏஜென்ட், "திங்களும் செவ்வாயும் பொங்கல்" எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுது. அம்மா சிரிக்கேல்ல. "சரியாத்தானே சொல்லுது, விடிய விடிய நிண்டு செவ்வாய்தானே வீட்ட வாறனாங்கள்" எண்டா. அதை நான் இன்னும் திருத்தேல்ல.

ஆவணியில வாறன் எண்டனி. வீட்டுக் கலண்டரில நீயே போட்டுவிடு, உனக்கும் அனுமதி குடுத்திருக்கிறன். பிளேன் இறங்கிற நேரம் கொழும்பு நேரமோ, உங்கட டொரோண்டோ நேரமோ எண்டு பக்கத்தில எழுது. எயாப்போட்டுக்கு வானை எத்தினை மணிக்கு வெளிக்கிடச் சொல்லுறது எண்டு அப்பா இப்பவே கேக்கிறார், பென்சிலும் கையில இருக்கு.

அன்புடன்,
உன்ர மச்சான்