கேபினைக் கடைசியில் பார்

திருநகர், மதுரை
மார்கழி 9

அன்புள்ள சோலை,

உன் கடிதமும் பதினான்கு போட்டோக்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். தெப்பக்குளத்தில் தண்ணீர் தளும்புகிறது. தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாகிவிடுமோ என்ற கவலை இந்த வருடம் இல்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது கொச்சியிலிருந்து ஒரு பழைய கேபின் படகும் கூட வரும் என்று எழுதியிருக்கிறாய். நம்மூரில் அதற்கு இருக்கிற தண்ணீர் அந்தக் குளம்தான் மாப்ள, அதிலும் மீனாட்சிக்குப் பிறகுதான் நீ.

போட்டோக்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கேபினுக்குள் எடுத்தவை: மெத்தை, மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, கழிப்பறை. மூன்று பக்கவாட்டில். ஒன்று சுக்கான் சக்கரம். எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மூடி போட்டபடி. எஞ்சின் தொங்குகிற பின்சுவர், அதாவது ட்ரான்சம், எதிலுமே தெளிவாக விழவில்லை. விற்கிறவர் எதைக் காட்டவில்லையோ அங்கிருந்துதான் நீ ஆரம்பிக்க வேண்டும். மெத்தையை நம்மூரில் நாலு நாளில் தைத்து வாங்கிவிடலாம். கேபினைக் கடைசியில் பார்.

அதற்கும் முன்னால், படகு எங்கே படுக்கும் என்று முடிவு செய். தூத்துக்குடியிலோ மண்டபத்திலோ கொச்சியில் இருக்கிற போல்காட்டி மரீனா மாதிரி மிதவை மேடையில் கட்டிவிட்டு மின்சாரம் இழுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டு, பேட்டரியையும், அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பையும் நம்பி, மதுரையில் வந்து தூங்க வேண்டியிருக்கும். மாதம் இரண்டு தடவை போகிறவனுக்கு ட்ரெய்லர்தான் தோது. ட்ரெய்லர் என்றால் அகலம் கையைக் கட்டும். நம் சாலையில் வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. விற்பவர் வாயால் சொல்வது போதாது, டேப்பை வைத்து நீயே அளந்து பார். 25 அடி ஃபைபர் படகு, எஞ்சின், பாதி டாங்க் பெட்ரோல், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் மூன்று டன்னை நெருங்கும். உன் காரை வைத்து இழுக்க நினைக்காதே.

இனி ட்ரான்சம். பார்வைக்கு முழுக்க ஃபைபர் போலத்தான் இருக்கும். பழைய படகுகள் பலவற்றில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ப்ளைவுட் வைத்திருப்பார்கள். எஞ்சின் போல்ட், ஏணி, மீன் காட்டும் கருவியின் சென்சார் என்று பின்னால் மாட்டுகிற ஒவ்வொன்றும் அதில் ஓட்டை போடுகிறது. ஓட்டையைச் சுற்றிய சீலன்ட் காய்ந்து விட்டுப்போனால் ப்ளைவுட் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே உளுத்துக்கொண்டே போகும். போட்டோவில் தெரியும் மூடியைப் பார்த்தால் 200 குதிரைச் சக்தி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே தொங்கும் எஞ்சின். இருநூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த எடையும், ஓடும்போது அது தள்ளுகிற தள்ளும் முழுக்க இந்தச் சுவர் மேல்தான் விழுகிறது.

சோதிப்பது சுலபம். படகு கரையில் இருக்கும்போது எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்து. தண்ணீருக்குள் இறங்கும் அதன் கீழ்க்காலைப் பிடித்து உன் உடம்பு எடையைப் போட்டு மேலும் கீழும் அழுத்து. இன்னொருவர் பக்கத்தில் நின்று ட்ரான்சத்தின் மேல் விளிம்பையே பார்க்கட்டும். எஞ்சின் அசையலாம், சுவர் வளையக்கூடாது. பிறகு உள்பக்கம் எஞ்சின் போல்ட்டுகளின் வாஷர் ஃபைபருக்குள் அமுங்கியிருக்கிறதா, மூலைகளில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார். கடைசியாக, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற சென்சார் திருகு ஒன்றைக் கழற்றச் சொல். ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிந்தாலோ, திருகின் மரையில் பழுப்பு நிறத்தில் ஈரத்தூள் ஒட்டி வந்தாலோ விலை பேச வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு. அதைச் சரிசெய்ய எஞ்சினை இறக்கி, உள்தோலை வெட்டி, மரத்தைத் தோண்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். திருகைக் கழற்றவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

அடிப்பாகத்துக்குக் கொச்சிக் காயல் ஒரு தனிப் பிரச்சினை. ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி, ரெசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உப்புத்தண்ணீரைவிட நன்னீரிலும், குளிர்ந்த தண்ணீரைவிட வெதுவெதுப்பானதிலும் இது வேகமாக நடக்கும். மழைக்காலக் காயலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கிரேனில் தூக்கி, சிப்பியைச் சுரண்டிக் கழுவியவுடன் பார். நாள் கழிந்து காய்ந்தால் கொப்புளம் அமுங்கிவிடும். ஒன்றைக் குத்தினால் வரும் நீரில் காடி வாடை அடிக்கும். கண்ணைக் காப்பாற்றிக்கொள், அழுத்தத்தில் பீய்ச்சும். பத்துப் பதினைந்து சின்னக் கொப்புளம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான். அடி முழுக்க அம்மை போட்டது போலிருந்தால் வேண்டாம். ஈரமானி வைத்து அளப்பதை மட்டும் தூக்கிய அன்றே செய்யாதே, எந்தப் படகும் ஈரமென்றுதான் காட்டும்.

பிளாஸ்டிக் சுத்தியலால், அடியின் முதுகெலும்பான ஏராவிலிருந்து மேல்நோக்கி அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் டக் டக்கென்று கேட்கும், தோல் பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். மேல்தட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நட. கைப்பிடிக் கம்பிகளின் அடியிலும் முன்பக்க அணியத்தில் நங்கூரம் கட்டும் இடத்திலும் குதிகாலுக்கு மெத்தென்று பட்டால் அங்கேயும் உள்மரம் போய்விட்டது.

எஞ்சினை நீ போய்ச் சேரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வா, இன்னொரு நாள் போ. சில்லென்று கிடக்கும் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை. எல்லா ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து வைத்து, சிலிண்டர் சிலிண்டராகக் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே எழும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பார். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் பத்து சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பதுதான் முக்கியம். மூன்று 180 காட்டி ஒன்று 140 காட்டினால் அது நோயாளி. கீழ்க்காலின் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்து. முதலில் தண்ணீர் சொட்டினாலும், ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலும் சீல் போய்விட்டது. காந்தத் திருகில் சாம்பல் நிறப் பசை இருக்கலாம், உலோகச் சிலாம்பு இருக்கக்கூடாது. எஞ்சின் கம்ப்யூட்டரில் மெக்கானிக் கேபிள் மாட்டினால் மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம், எப்போதாவது கொதித்ததா என்று எல்லாம் வரும். பத்து வருட எஞ்சினில் வெறும் 90 மணி நேரம் என்றால் சந்தோஷப்படாதே. சும்மா கிடந்த எஞ்சினில் ரப்பரும் சீலும் செத்துப்போயிருக்கும்.

நீ எழுதிய இன்னொரு படகு, விலை குறைந்தது, எஞ்சின் உள்ளேயும் ஓட்டும் கால் வெளியேயும் இருப்பது, அதை விட்டுவிடு. அந்தக் கால் ட்ரான்சத்தைத் துளைத்து வரும் இடத்தில் பெல்லோஸ் என்று ஒரு மடிப்பு ரப்பர் இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். அவுட்போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கலாம், அந்தக் காலை முழுக்கத் தூக்க முடியாது. கூடவே உப்புத்தண்ணீரில் குளிரும் பெட்ரோல் எஞ்சினில் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் ரைசர் உள்ளுக்குள் துருப்பிடித்து, தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பும். முதல் படகுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

பெட்ரோல் விஷயம் ஒன்று. இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவிகிதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் பத்து சதவிகிதத்தோடு நிறுத்திவிடுகின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், டாங்கிலிருந்து எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களை மாற்று, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் வை, டாங்கில் பெட்ரோலைக் கிடப்பில் போடாதே. வயர் தோலைக் கொஞ்சம் சீவிப் பார். வெள்ளீயம் பூசிய செம்பு வெள்ளையாக இருக்கும். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் யாரோ வீட்டு வயரை இழுத்திருக்கிறார்கள்.

கடல் ஓட்டத்துக்கு நாலு பேரை ஏற்று. முழு த்ராட்டிலில், கையேடு 5000 முதல் 6000 சுற்று என்று சொல்லியிருக்க, எஞ்சின் 4600-ஐத் தாண்டாவிட்டால் அடியில் பாசி, புரொப்பெல்லர் பொருத்தமில்லை, அல்லது எஞ்சினுக்கே தெம்பில்லை. அந்த வேகத்தில் மணிக்கு எழுபது லிட்டர் குடிக்கும். டாங்கில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. கரைக்கு வந்ததும் தரைப்பலகையைத் தூக்கி, போகும்போது காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்.

இப்போது கேபினுக்குள் போ. தலை நிமிர்ந்து நிற்கிற உயரம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த உயரம் முழுக்கக் காற்றுக்குப் பாய்மரம். பாம்பனுக்குத் தெற்கே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலத்திலும், வடக்கே வாடைக் காலத்திலும் கடல் புரளும். குள்ளமான கேபின் கொண்ட படகுதான் அங்கே நிதானமாக நிற்கும். நம் வெயிலில் அதற்குள் படுக்க முடியாது, நிழலுக்கும் சாமான் வைக்கவும்தான் உதவும். மேல் ஜன்னல்களில் குறைந்தது இரண்டு திறக்கட்டும். தீவுக்குப் போய் இறங்கலாம் என்ற ஆசையையும் தள்ளி வை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

வெளிநாட்டில் கட்டிய படகென்றால் சுங்க வரி கட்டிய ரசீது இல்லாமல் முன்பணம் கொடுக்காதே. முன்பணச் சீட்டிலேயே, கரையேற்றிப் பார்த்து, கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மீதி, பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று எழுதி வாங்கு. விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும், முதல் வருடம் அதற்கும் மேல். தட்டு தாழ்ந்த லோபெட் லாரியில் ஏற்றினால் போடிமெட்டு மலைவழி வேண்டவே வேண்டாம். பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று வரச் சொல். லாரி மேல் படகின் உயரத்தை அளந்து, வழியில் ரயில்வே சப்வே எதுவும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்.

ட்ரான்சம் உள்ளும் புறமும், மூடி திறந்த எஞ்சின், தரைப்பலகைக்குக் கீழே, இந்த நாலு போட்டோவை அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கம்ப்ரஷன் கேஜையும் பிளாஸ்டிக் சுத்தியலையும் இந்த வாரம் பார்சலில் போடுகிறேன். கேஜ் நுனியில் இருக்கிற ரப்பர் வாஷரைத் தொலைத்துவிடாதே, அது இல்லாவிட்டால் எல்லாச் சிலிண்டரும் செத்தது போலத்தான் காட்டும்.

அன்புடன்,
ஜெயபால்