கயலுக்கு, லென்ஸ் விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. "50 மி.மீ. லென்ஸ் வாங்கட்டுமா, 90 மி.மீ. வாங்கட்டுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். நீ லைக்கா எம்6 ஃபிலிம் கேமரா வாங்கினதையே உன் சித்தி மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொந்தச் சம்பளத்தில் வாங்கியிருக்கிறாய், மனசு நிறைந்துபோயிற்று. 1984இல் அந்த மாடல் வந்தபோது நான் தேசிய சேவையில் இருந்தேன். கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட சேதியை என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

90 வேண்டாம். எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும், படத்தில் விழும் இடம் குறையும். வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில், அதற்கான கட்டம் நடுவில் சின்னதாகத்தான் தெரியும். அதற்குள் ஒரு முகத்தைப் பிடித்து, ஃபோகஸ் செய்ய இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாகச் சேர்ப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். 28உம் வேண்டாம். நீ கண்ணாடி போடுகிறவள், அந்தக் கட்டத்தின் ஓரம் உன் கண்ணுக்கு எட்டாது. 50 நல்ல லென்ஸ்தான், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் அதில்தான் எடுத்தார். இருந்தாலும் முதல் லென்ஸ் 35ஆக இருக்கட்டும்.

லென்ஸின் துளையை எஃப்8இல் வைத்து, ஃபோகஸ் தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடு. ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை இருப்பதெல்லாம் தெளிவாக விழும். நம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை வரிசையில் நான் அப்படித்தான் எடுப்பேன்; ஐஸை வாரிக் கொட்டுகிற கை நமக்காகக் காத்திருக்காது. கட்டத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதால், யார் உள்ளே வரப்போகிறார் என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம். கிட்டே போனால் 0.7 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். காப்பிக்கடை மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுக்க அது போதும்.

நீ ஃபோனில் எடுத்து அனுப்பும் படங்களை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். டிராம் தண்டவாளம், மூடின கடை, மழை விட்ட தெரு. வெளிச்சத்தை நீ பிடிக்கிற மாதிரி எனக்கு இத்தனை வருஷத்தில் வரவில்லை. ஆனால் ஆளே இல்லையே அம்மா. போன வருஷப் படங்களில் மேசைமேல் இரண்டு கோப்பை இருக்கும். ஓரத்தில் ஒரு முழங்கை, நீலச் சட்டை. இப்போது ஒரு கோப்பைதான் இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கமாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன். 90 வாங்கினால் நீ இன்னும் தள்ளிப்போய் நின்றுகொள்வாய். அதனால்தான் சொல்கிறேன், 35 வாங்கு.

லைக்கா லென்ஸ்தான் வேண்டும் என்றில்லை. வோய்க்ட்லேண்டர் கம்பெனியின் 35 புதிதாகவே பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், கேமராவில் மாட்டும் வாய் அதே எம் மவுண்ட்தான். பழையது வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார். உள்ளே சிலந்தி நூல்போல ஓடியிருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே. இங்கே பெனின்சுலா கேமராக் கடைகளில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். நம் ஊர் ஈரத்துக்கு டிரை கேபினட் (ஈரம் போக்கும் அலமாரி) இல்லாவிட்டால் எந்த லென்ஸும் தாங்காது. கேமராவில் மாட்டி, தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பார். லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது இரண்டு பிம்பமும் ஒட்டவேண்டும்.

இன்னொன்று. எம்6இன் ஷட்டர் துணியால் ஆனது, சில கேமராக்களில் இருப்பதுபோல அதை மறைக்க முன்னால் முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடி எதுவும் இல்லை. மெல்பர்ன் வெயிலில் லென்ஸைச் சூரியனுக்கு நேரே காட்டியபடி தொங்கவிட்டு நடந்தால் துணியில் ஓட்டை விழுந்துவிடும். நடக்கும்போது மூடியைப் போட்டுக்கொள். எடுக்கும்போது மறக்காமல் கழற்று. மூடி இருந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் தெரியும், ஃபிலிமில் ஒன்றும் விழாது.

பணம் குறைந்தால் சொல், 500 வெள்ளி அனுப்புகிறேன். கடனாக நினைக்காதே. நன்றாகச் சாப்பிடு. உன் முகம் வாடியிருந்தது என்று சித்தி மகன் சொன்னான். வேலையினால்தான் இருக்கும். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, கிடைக்காதா? உன் அறையில் ஜன்னல் ஓரமாக இருந்த என் சாமான்களை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிடுவேன், எடு. லென்ஸைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

அப்பா